துணியில் இல்லாத கோடுகள்

நெகமம் பருத்திச் சேலையைக் கையில் விரித்துப் பார்த்தால் பாவும் ஊடையும் சீராக ஓடியிருக்கும். அதே சேலையை நல்ல கேமராவில் படமெடுத்து, கணினியில் சிறிதாக்கி, விற்பனைக்கு ஏற்றியபின் பார்த்தால் சில நேரம் அதன்மேல் சாம்பல் நிறக் கோடுகள் அலையலையாக நெளிந்துகிடக்கும். நெசவாளர் அப்படியொரு கோட்டைப் போடவில்லை. சாயத்திலும் குறை இல்லை. கேமராவிலிருந்து இறக்கிய அசல் படத்தைப் பெரிதாக்கித் தேடினாலும் அந்தக் கோடுகள் அகப்படுவதில்லை. படத்தைச் சுருக்கிய நொடியில்தான் அவை பிறந்தன.

படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு இதெல்லாம் தெரியாது. துணியே கோணலாக நெய்யப்பட்டிருக்கிறது என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போய்விடுவார். தறிக்குழியில் நாள்கணக்கில் உட்கார்ந்தவரின் வேலைமேல் விழும் பழி அது. அதனால்தான் படம் சுருக்குவதைச் சில்லறை வேலையாக என்னால் நினைக்க முடியவில்லை. தறியிலிருந்து வாங்குபவரின் கண்ணுக்குத் துணி போகும் வழியில் கடைசியாக அதன்மேல் படும் கை, படத்தைச் சுருக்குபவருடையது.

1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் நிறுவப்பட்ட நாளிலிருந்தே நூலோடு புழங்கும் மண் இது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள், சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிகள், சென்னிமலையில் பெட்ஷீட், பவானியில் ஜமக்காளம், இவற்றோடு கோவை கோரா காட்டன், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நெகமம் சேலை. இன்று இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் துணி போவதற்கு முன்னால் படம் போகிறது. ஒரு டிசைனுக்கு ஆறு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, முந்தி என்று எடுத்தால் ஒரு சின்ன நிறுவனத்திலேயே ஒரு பருவத்துக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்குவது நடக்காது. எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒரே அமைப்பைச் சொல்லி, மொத்தமாக ஓடவிடுகிறார்கள். அந்த அமைப்பில் ஒரு தேர்வு பிசகினால் ஆயிரம் படத்திலும் பிசகும்.

பிசகு எங்கே நடக்கிறது என்பதை ஒரு கணக்கில் பிடித்துவிடலாம். அங்குலத்துக்கு 60 பாவு இழை உள்ள துணியை எடுத்துக்கொள்வோம். அகலம் 48 அங்குலம் என்றால் குறுக்கே மொத்தம் 2,880 இழைகள். 2.4 கோடி பிக்சல் கேமரா தரும் படத்தின் அகலம் 6,000 பிக்சல், உயரம் 4,000. துணியின் அகலம் படத்தின் அகலத்தை நிறைக்கும்படி எடுத்தால் ஓர் இழைக்குக் கிடைப்பது 2.08 பிக்சல். இழையின் முதுகு வெளிச்சமாக ஒரு பிக்சலிலும், இழைக்கு இழை நடுவே உள்ள பள்ளம் நிழலாக அடுத்த பிக்சலிலும் எப்படியோ பதிந்துவிடுகிறது. இந்தப் படத்தை 1,000 பிக்சல் அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆறுக்கு ஒன்று.

மிக எளிய வழி, ஒவ்வோர் ஆறாவது பிக்சலை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் உள்ள ஐந்தையும் விட்டுவிடுவது. மென்பொருள்களில் 'நியரஸ்ட் நெய்பர்' என்ற பெயரில் இருப்பது இதுதான். வேகமானது. ஆனால் 2,880 இழைகளை 1,000 புள்ளிகளால் தொட்டுப் பார்க்கும்போது, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே 2.88 இழைகள் கடந்துபோகின்றன. சரியாக 3 இழை கடந்திருந்தால் ஒவ்வொரு புள்ளியும் இழையின் அதே இடத்தில் விழும். 0.12 குறைவதால் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுப் பின்தள்ளி விழுகிறது. முதுகில் தொடங்கிச் சரிவில் இறங்கி, பள்ளத்தைத் தொட்டு, மறுபடி முதுகுக்கு ஏற எட்டுப் புள்ளிகளுக்குச் சற்று மேல் ஆகிறது. கண்ணுக்குத் தெரிவதோ எட்டு பிக்சலுக்கு ஒரு முறை வெளுத்துக் கறுக்கும் தடித்த கோடு. 3,000இலிருந்து 2,880ஐக் கழித்தால் படத்தின் குறுக்கே எத்தனை பொய்க் கோடுகள் என்பது வந்துவிடும்: 120.

துணி பலகையைப் போல விறைப்பாக நிற்பதில்லை. மடிப்பு விழும் இடத்தில் கேமராவுக்கு இழைகள் நெருங்கித் தெரியும். அங்கே 2.88 என்பது 2.95 ஆகலாம், 3ஐயும் தாண்டலாம். அதற்கேற்பப் பொய்க் கோடு அகன்றும் குறுகியும் வளைந்தும் போகும். அலைபோல நெளிவதற்குக் காரணம் அதுதான். கொசுவலை இரண்டு மடிப்பாகத் தொங்கும்போது அதன்மேல் பெரிய பெரிய வளையங்கள் தோன்றி, வலை அசைய அசைய நகர்வதை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே நடப்பதும் இதே கணக்குத்தான். முன்வலையின் கண்கள் பின்வலையின் இழைகளை விட்டுவிட்டுக் காட்டுகின்றன. மோயரே என்று இதற்குப் பெயர்.

இந்தக் கணக்கின் அடிப்படை துணியிலிருந்து வரவில்லை, தந்தியிலிருந்தும் தொலைபேசியிலிருந்தும் வந்தது. 1928இல் ஹாரி நைக்விஸ்ட்டும் 1949இல் கிளாட் ஷானனும் எழுதிய கட்டுரைகள் அதை நிலைநிறுத்தின. ஓர் அலையைப் பிழையில்லாமல் பதிய வேண்டுமானால் ஒவ்வோர் அலைக்கும் இரண்டுக்கு மேற்பட்ட புள்ளிகள் வேண்டும். அசல் படத்தில் இழைக்கு 2.08 பிக்சல் இருந்ததால் மயிரிழையில் தப்பியது. சுருக்கிய படத்தில் இழைக்கு 0.35 பிக்சல்தான். 1,000 பிக்சலில் 500 இழைகளைக்கூட ஒழுங்காகக் காட்ட முடியாது என்றால் 2,880 இழைகளைக் காட்ட எந்த மென்பொருளாலும் முடியாது. நேர்மையான சின்னப் படம் ஒன்றில் அந்தத் துணி இழை தெரியாமல் ஒரே நிறப் பரப்பாகத்தான் இருக்க வேண்டும். சுருக்கிய படத்தில் 'நெசவு தெரிகிறது' என்று யாராவது மகிழ்ந்தால், அவர் பார்ப்பது பெரும்பாலும் துணியில் இல்லாத நெசவு.

ஆகவே, சுருக்குவதற்கு முன் காட்ட முடியாத இழைகளைக் கரைத்துவிட வேண்டும். ஆறுக்கு ஆறு கட்டத்தில் உள்ள 36 பிக்சல்களையும் சேர்த்துச் சராசரி எடுத்து ஒரு பிக்சலாக வைப்பது முதல் படி. நம் துணிக்குக் கணக்கிட்டால் பொய்க் கோட்டின் அழுத்தம் இதிலேயே 16இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இன்னும் நல்ல முறைகள் கட்டத்துக்கு வெளியேயும் பார்க்கின்றன. ஹங்கேரியக் கணிதவியலாளர் கார்னீலியஸ் லான்சோஸின் பெயர் தாங்கிய வடிகட்டி, ஆறு மடங்கு சுருக்கும்போது புதிய பிக்சல் ஒவ்வொன்றுக்கும் 36க்கு 36, அதாவது 1,296 பழைய பிக்சல்களைக் கலந்து பார்க்கிறது. நடுவில் இருப்பதற்கு எடை அதிகம், தள்ளி இருப்பதற்குக் குறைவு, சிலவற்றுக்குக் கழித்தல் எடைகூட உண்டு. அந்தக் கழித்தல்தான் படத்துக்குக் கூர்மை தருகிறது. கடும் நிற எல்லைகளில் மெல்லிய ஒளிவிளிம்பை உண்டாக்குவதும் அதுவே. 1988இல் டான் மிட்செலும், பம்பாய் ஐஐடியில் படித்து பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய அருண் நேத்ராவளியும் சேர்ந்து மங்கலுக்கும் ஒளிவிளிம்புக்கும் பொய்க் கோட்டுக்கும் நடுவே சமரசம் காணும் ஒரு வடிகட்டியைக் கொடுத்தார்கள். என் எண்ணத்தில், சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக அடுத்தடுத்து நிற்கும் பவானி ஜமக்காளத்துக்கு மிட்செல் பொருந்தும். பொடிக் கட்டம் போட்ட சட்டைத் துணிக்கு லான்சோஸ்.

கோவையின் பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஓபன்சிவி நிரல்தொகுப்பில் சும்மா 'ரீசைஸ்' என்று எழுதினால் அது எடுத்துக்கொள்ளும் பைலினியர் முறை, எத்தனை மடங்கு சுருக்கினாலும் பக்கத்திலுள்ள நான்கு பிக்சல்களை மட்டுமே பார்க்கும். பெயரைக் கேட்டால் நல்ல முறை போலத் தோன்றும், ஆனால் ஆறு மடங்கு சுருக்கும்போது பொய்க் கோட்டை அது தடுக்காது. அதே தொகுப்பில் பரப்புச் சராசரி எடுக்கும் முறையும் இருக்கிறது. சுருக்குவதற்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சில கோடுகள் சுருக்குவதற்கு முன்பே வந்துவிடுகின்றன. கேமராவின் உணரியில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது: பாதிப் பிக்சல்கள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. ஒரு வரிசையில் சிவப்பு ஒன்றுவிட்டு ஒன்றுதான் வருகிறது. அப்படியானால் சிவப்பின் கணக்கில் இழைக்கு 2.08 பிக்சல் போதாது, 4க்கு மேல் வேண்டும். போதாதபோது துணிமேல் ஊதாவும் பச்சையுமாக வானவில் கறை படியும். சில கேமராக்களில் உணரிக்கு முன்னால் மெல்லிதாக மங்கலாக்கும் ஒரு கண்ணாடி இதைத் தடுத்தது. கூர்மை வேண்டும் என்று புதிய கேமராக்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். நிலக்காட்சி எடுப்பவருக்கு அது லாபம், துணிப் படம் எடுப்பவருக்குத் தொல்லை. இந்த வண்ணக் கறையை எந்தச் சுருக்கலும் நீக்காது. எடுக்கும்போதே கேமராவைக் கொஞ்சம் முன்னோ பின்னோ நகர்த்தி, அல்லது கோணம் மாற்றி எடுப்பதே வழி.

அப்படியானால் நெசவை எப்படித்தான் காட்டுவது? தனியாகத்தான். துணி வாங்கும் வியாபாரி பிக் கிளாஸ் என்ற உருப்பெருக்கியை எடுத்துத் துணிமேல் வைத்து, ஓர் அங்குலத்துக்குள் இழையை எண்ணுவார். முழுச் சேலையையும் ஒரே பார்வையில் வைத்து அவர் இழை எண்ணுவதில்லை. படத்திலும் அதையே செய்யலாம். 4 அங்குலத் துணியை மட்டும் படம் நிறைய எடுத்தால் 240 இழைகளுக்கு 6,000 பிக்சல், இழைக்கு 25. அதை 1,000 பிக்சலுக்குச் சுருக்கினாலும் இழைக்கு 4 பிக்சலுக்கு மேல் மிஞ்சும். நெசவு உள்ளபடியே தெரியும். முழுப் படம் நிறத்துக்கும் துணி விழும் விதத்துக்கும், நெருக்கப் படம் இழைக்கும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டுமே உண்மை பேசும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

நிறத்துக்கு வருவோம். 'படத்தில் பார்த்த நிறம் இல்லை' என்ற புகாரில் ஒரு பகுதி சுருக்கும் கணக்கிலிருந்தும் வருகிறது. படக்கோப்பில் உள்ள 0 முதல் 255 வரையிலான எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இல்லை. நம் கண் இருட்டில் நுணுக்கமாகவும் வெளிச்சத்தில் பெருவாரியாகவும் பார்ப்பதால், எண்களையும் அதற்கேற்ப வளைத்து வைத்திருக்கிறார்கள். கறுப்பும் வெள்ளையும் பாதிப் பாதியாகப் பொடிக் கட்டம் போட்ட துணியைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைத் துணியின் ஒளியில் பாதி கண்ணுக்கு வரும். அதைக் குறிக்கும் எண் 188. ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் 0ஐயும் 255ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 128 என்று வைத்துவிடுகின்றன. 128 என்பது வெள்ளையின் ஒளியில் 22 சதவீதம் மட்டுமே. துணி உண்மையில் இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். ஒரே நிறத் துணியில் இந்தப் பிழை வராது. கோடும் கட்டமும் எவ்வளவு பொடியாகவும் எதிரெதிர் நிறமாகவும் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக வரும். ஒளியளவுக்கு மாற்றி, சுருக்கி, மீண்டும் பழைய எண்முறைக்குக் கொண்டுவரும் வசதி இமேஜ்மேஜிக் போன்ற கருவிகளில் உண்டு. கட்டம் போட்ட துணி விற்பவர்கள் அதைத் தேடிப் பயன்படுத்த வேண்டும்.

சுருக்கல் என்ற சொல்லுக்குள் இன்னொரு வேலையும் ஒளிந்திருக்கிறது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள் வேண்டும் என்று பிரவுசிங் சென்டரில் போய் நின்றவர்களுக்கு அது தெரியும். பிக்சல் எண்ணிக்கை வேறு, கோப்பின் எடை வேறு. 2.4 கோடி பிக்சலுக்கு நிறம் மூன்றாக 7.2 கோடி எண்கள், அப்படியே எழுதினால் 72 எம்பி. ஜேபெக் அதைப் பத்து எம்பி அளவுக்குக் கொண்டுவருகிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட அந்த முறையின் இதயமான கோசைன் மாற்றத்தைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1972இல் இதற்காக நிதி கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் அதை வெளியிட்டார். நம் கைபேசியில் உள்ள படங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சில பக்கக் கட்டுரைக்குக் கடன்பட்டவை.

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் அலைகளாகவும் வேகமாக மாறும் அலைகளாகவும் பிரிக்கிறது. கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத வேக அலைகளைத் தோராயமாக்கி எடையைக் குறைக்கிறது. பொய்க் கோடுகளும் பொடிப் புள்ளிகளும் நிறைந்த படத்தில் வேக அலைகள் அதிகம் என்பதால் அதன் எடை குறைய மறுக்கும். ஒழுங்காகக் கரைத்துச் சுருக்கிய படம் அதே தரத்தில் எடையும் குறைவாக வரும். இன்னொன்று: ஜேபெக் பெரும்பாலும் நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிவிடுகிறது. முகத்துக்கும் மலைக்கும் அது தெரியாது. அடர்நீலச் சேலையில் ஓடும் மெல்லிய சிவப்புக் கரைக்குத் தெரியும், கரை மங்கி உடலோடு கலந்துவிடும். சேமிக்கும்போது நிறத்தைப் பாதியாக்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு தேர்வு பல மென்பொருள்களில் இருக்கிறது. கரை வைத்த துணிக்கு எடை கொஞ்சம் கூடினாலும் அதைத் தேர்ந்தெடுப்பேன்.

மொத்தமாகச் சுருக்க விலை உயர்ந்த மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான் 1996இல் வெளியிட்ட இர்ஃபான்வியூ, பழைய கணினியிலும் ஓடும். அதைத் திறந்து 'பி' விசையை அழுத்தினால் மொத்த மாற்றத்துக்கான பெட்டி வரும். அதில் 'ரீசாம்பிள்' என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வேகமான, தரம் குறைந்த முறையில் ஓடிவிடும். நம் 120 கோடுகள் வரும் வாசல் அதுதான். அகலத்தைச் சொல்லாமல் நீளமான பக்கத்தைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் நின்ற படமும் கிடந்த படமும் ஒரே ஃபோல்டரில் இருந்தாலும் எல்லாம் ஒரே அளவுக்குள் அடங்கும். சின்னப் படத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்ற தேர்வையும் போட்டுவிட வேண்டும். பக்கத்தில் உள்ள 72, 300 டிபிஐ என்ற எண்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அச்சில் எத்தனை அங்குலம் என்பதை மட்டுமே அவை சொல்கின்றன, திரையில் எந்த மாற்றமும் வராது.

இமேஜ்மேஜிக், 1987இல் டுபான்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி எழுதத் தொடங்கியது. கட்டளை வரியில் இயங்கும். பத்தாயிரம் படங்களை இரவில் ஓடவிட்டுப் போக அதுவே தோது. ஆனால் அதன் 'மோக்ரிஃபை' கட்டளை, வேறு ஃபோல்டரைக் காட்டாவிட்டால் அசல் படத்தின்மேலேயே எழுதிவிடும். 2.4 கோடி பிக்சல் போய் 6 லட்சத்துச் சொச்சம்தான் மிஞ்சும், திரும்ப வராது. எந்தக் கருவியானாலும் அசல் ஒரு ஃபோல்டர், சுருக்கியது வேறு ஃபோல்டர். அடுத்த ஆண்டு பெரிய திரைக்கோ அச்சுக்கோ வேண்டுமென்றால் அசலிலிருந்துதான் மறுபடி சுருக்க வேண்டும். சுருக்கியதையே இன்னொரு முறை சுருக்கினால் இரண்டு முறை ஜேபெக்கின் தோராயம் ஏறும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படமும் ஏற்கெனவே சுருங்கியதுதான். தறிக்காரரிடமிருந்து படம் வாங்கினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் குறிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எடை குறையட்டும் என்று எல்லாவற்றையும் துடைத்தால், எந்தப் பக்கம் மேல் என்ற குறிப்பும் போய்ச் சேலை படுத்துவிடும். நிறக் குறிப்பு போனால், ஐபோன் போன்றவற்றின் விரிந்த நிற அளவில் எடுத்த சிவப்பு வெளிறிவிடும். முதலில் படத்தை நிமிர்த்தி, நிறத்தை எஸ்ஆர்ஜிபி அளவுக்கு மாற்றி, பிறகு துடைக்கலாம். எடுத்த இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் குறிப்பையோ கட்டாயம் துடைக்க வேண்டும். தறி பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிறது. அந்த வீட்டின் இருப்பிடம் படத்தோடு ஊரெல்லாம் போகத் தேவையில்லை.

ஆயிரம் படத்தையும் ஓடவிடும் முன் மூன்றை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்: கறுப்பு வெள்ளைப் பொடிக் கட்டம் ஒன்று, அடர்நிற உடலில் மெல்லிய கரை ஓடுவது ஒன்று, மடித்துத் தொங்கவிட்ட ஒரே நிறத் துணி ஒன்று. திரையில் 100 சதவீதத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 67, 33 என்று வைத்தால் பார்க்கும் மென்பொருளே இன்னொரு முறை சுருக்கி, படத்தில் இல்லாத கோட்டைத் தானாகச் சேர்த்துக் காட்டும். பிரவுசரும் அதையே செய்யும் என்பதால், தளத்தில் எந்த அளவில் காட்டப்போகிறார்களோ அந்த அளவுக்கே சுருக்குவது நல்லது. முதல் துணியில் அலை தெரிந்தால் வடிகட்டியை மாற்றி மறுபடி ஓட்டவும். கறுத்துப்போனால் ஒளியளவில் சராசரி எடுக்கும் முறைக்குப் போகவும். இரண்டாவதில் கரை கலங்கினால் ஜேபெக்கின் நிறத் தேர்வைத் திருத்தவும். மூன்றாவதன் மடிப்புகளில் நெளிவு இருந்து, அசலிலும் அதே இடத்தில் ஊதாவும் பச்சையும் தெரிந்தால் கணினியை விட்டு எழுந்து, கேமராவை ஓரடி தள்ளி வைத்து அந்தத் துணியை மறுபடி எடுக்க வேண்டும்.